திருகோணமலையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் கடைமாடிகளும்: குடியிருக்கக் கொடுக்கலாமா, கலைஞர்களுக்குத் திறக்கலாமா?

கேள்வி இதுதான். திருகோணமலை நகருக்குள் எத்தனையோ வீடுகளும் கடைமாடிகளும் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கின்றன. அதே நகரத்தில் போடிங் (வாடகை அறை) தேடும் மாணவர்கள், அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய சிறு தனிப் பகுதி) கிடைக்காத இளம் குடும்பங்கள், ஒத்திகைக்கு இடமில்லாத கூத்துக்காரர்கள். வெளிநாடுகளில் வெறும் கட்டடங்களைக் கலைஞர்களுக்கும் குடியிருப்புக்கும் திறந்துவிடுகிறார்களே, இங்கே ஏன் முடியாது?

முடியும். ஆனால் கேள்வியில் இரண்டு தேவைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன, அவற்றை முதலில் அவிழ்க்க வேண்டும். ஓவியருக்கோ நாடகக் குழுவுக்கோ இந்த மாதம் கொடுத்து அடுத்த மாதம் திருப்பிக் கேட்கக்கூடிய இடம் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அப்படி ஒரு இடம் கொடுப்பது உதவியே இல்லை. எனவே எப்போதும் திருப்பிக் கேட்கலாம் என்ற ஏற்பாட்டில் கலையை வையுங்கள். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) தெளிவாக உள்ள, சில வருடங்களுக்காவது எழுதிக் கொடுக்கக்கூடிய வீடுகளில் மட்டும் குடியிருப்பை வையுங்கள். வெளிநாட்டு உதாரணங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொடுப்பதும் பழைய வீடுகளின் திருத்த வேலைக்கு மதிப்பீடு போடுவதும் என் தொழில். அதனால் கட்டடப் பக்கமும் காணி உறுதிப் பக்கமும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? உவர்மலையிலும் வித்தியாலயம் வீதிப் பக்கமும் உள்ளவற்றில் நிறையச் சீதன வீடுகள். மகளுக்கென்று கட்டி, அவள் பெயரில் உறுதி எழுதி, அவள் கல்யாணம் முடித்து ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறாள். விற்க மனம் வராது, வந்திருக்கவும் வழியில்லை. கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வந்தால் தங்க ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இன்னொரு வகை, தாய் தகப்பன் உறுதி எழுதாமல் கண்மூடிய வீடு. ஐந்து பிள்ளைகள் ஐந்து நாட்டில், பங்கு பிரிக்கப்படவில்லை. ஒருவர் சரி என்றால் மற்றவர் வேண்டாம் என்பார். பங்குபிரிப்பு வழக்குப் போட 1977 ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த வழக்குகள் இழுக்கிற இழுவையைப் பார்த்தவர்கள் பூட்டியே வைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகை வீட்டை எந்தத் திட்டத்துக்கும் யோசிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு மாமியிடம் சாவி இருக்கிறது, ஒரு அண்ணன் தொலைபேசியில் சம்மதித்துவிட்டார் என்பது போதாது. மற்ற நாலு பேரில் ஒருவர் வந்து நின்றால் எல்லாம் முடிந்தது.

மத்திய வீதிப் பக்கம் கீழே கடை, மேலே பழைய பெட்டிகளும் உடைந்த ராக்கைகளும் போட்டு வைத்த மாடி. அது மூன்றாவது வகை. நான்காவதை யாரும் வெறும் கட்டடம் என்று கணக்கெடுப்பதில்லை: உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகள். சித்திரை முதல் புரட்டாதி வரை சீசன். மாரி தொடங்கினால் அறைகள் அப்படியே பூட்டு.

அரச கட்டடங்களும் படையினர் வசமுள்ள இடங்களும் இந்தக் கணக்கில் வராது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, தொல்லியல் திணைக்களத்தின் அக்கறையும் இருக்கிறது. பிரித்தானியர் 1957 இல் கையளித்த கடற்படைத் தளம் இன்றும் கடற்படைத் தளம்தான். டச்சுக் குடாப் பக்கம் ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்றைத் திருத்தி கடற்படை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அரசு தானே செய்தால் இப்படி நடக்கும், நாம் கேட்டு வாங்கும் கதை வேறு.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். காட்டுக்குள் வரிசையாக நிற்கும் அந்த இரும்பு உருளைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான். லண்டனில் டேட் மாடர்ன் காட்சியகம், பழைய மின் நிலையத்தின் நிலத்தடி எண்ணெய்த் தாங்கிகளை 2012 இல் நிகழ்த்துகலைக்குத் திறந்ததும் உண்மை. ஆனால் அவை நிலத்துக்குக் கீழே கொங்கிரீட்டால் கட்டப்பட்டவை. இங்கே உள்ளது வெயிலில் நிற்கும் இரும்பு, கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் உள்ளே ஒரு மணித்தியாலம் இருக்க ஏலாது. அதோடு, 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இங்குள்ள கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு என்று பிரித்தாகிவிட்டது. அவை யாருமில்லாத இடம் என்று நினைப்பது நாம் மட்டும்தான்.

சரி, உறுதி தெளிவாக உள்ள வீடு இருக்கிறது, சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். ஏன் கொடுக்க மாட்டார்? வாடகை குறைவு என்பதற்காக மறுத்தவர்களைவிட வேறொரு காரணத்துக்காக மறுத்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். தொலைபேசியில் ஒரு அக்கா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தம்பி, காசு பெரிய விஷயமில்ல. கேட்ட நேரம் எழும்புவாங்களா? எழுப்ப ஏலாமப் போனா நான் இங்க இருந்து என்ன செய்யிறது?"

இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் வேர் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் காணியைத் தன்னுடையதுபோல, இடையூறில்லாமல் பத்து வருடம் வைத்து அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். யுத்த காலத்தில் ஓடிப்போனவர்களின் வீடுகளில் வேறு ஆட்கள் இருந்த ஊர் இது. அந்தச் சிக்கலுக்காகவே 2016 இல் விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். ஆயுதக் குழுக்களின் செயல்களால் தங்கள் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. இவ்வளவும் பார்த்த சொந்தக்காரர், வீடு இடிந்தாலும் பரவாயில்லை, பூட்டியே கிடக்கட்டும் என்றுதான் நினைப்பார்.

ஆனால் அவர் கவனிக்காத ஒன்று உண்டு. பத்து வருட ஆட்சி, சொந்தக்காரரின் உரிமையை மறுத்து நிற்பவருக்குத்தான் உதவும். சொந்தக்காரரின் அனுமதியோடு உள்ளே வந்தவர், அந்த அனுமதி எழுத்தில் இருக்கும்வரை, அப்படி உரிமை கோருவது மிகக் கடினம். ஆகவே கடதாசி இல்லாமல் தெரிந்த பையன் ஒருவனைக் காவலுக்கு விட்டு வைத்த வீடுதான் உண்மையில் ஆபத்தானது. கையெழுத்துப் போட்ட அனுமதிப் பத்திரத்தோடு நாடகக் குழு ஒத்திகை பார்க்கும் வீடு பூட்டிய வீட்டைவிடப் பாதுகாப்பு. வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கும், மதிலுக்கு மேலால் இன்னொருவர் ஏறி உள்ளே குடிபுக மாட்டார்.

இங்கேதான் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரம் உதவிக்கு வருகிறது. 1989 நிலநடுக்கம், அப்புறம் 1999 இல் உருக்காலை மூடல், நகர மத்தி வெறிச்சோடிப் போனது. மார்க்கஸ் வெஸ்ட்பரி என்பவர் பிரதான வீதியில் சுமார் 150 கட்டடங்கள் காலியாக இருப்பதை எண்ணிப் பார்த்தார். 2008 இல் 'ரினியூ நியூகாசில்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் யாரிடமும் கட்டடத்தை வாங்கவில்லை, அரசிடம் பெரிய நிதியும் கேட்கவில்லை. சொந்தக்காரரிடம் போய், வாடகைக்கு ஆள் கிடைக்கும்வரை எங்களுக்குத் தாருங்கள், முப்பது நாள் அறிவித்தல் தந்தால் வெளியேறிவிடுகிறோம் என்றார். குத்தகை ஒப்பந்தம் எழுதாமல் மாதத்துக்கு மாதம் நீளும் அனுமதிப் பத்திரம் மட்டும் எழுதினார். காப்புறுதியை அமைப்பு எடுத்தது. உள்ளே வந்த கைவினைஞர்களும் ஓவியர்களும் சிறு தொகை செலுத்தினார்கள். 2011 இல் லோன்லி பிளானட் பயண வழிகாட்டி உலகில் போய்ப் பார்க்க வேண்டிய பத்து நகரங்களில் ஒன்றாக நியூகாசிலைக் குறிப்பிடும் அளவுக்கு வீதி மாறியது. 2019 இல் அமைப்பு தன் வேலையை முடித்துக்கொண்டது. கவனியுங்கள், அங்கே யாரையும் குடியமர்த்தவில்லை. முப்பது நாள் கடதாசியில் குடும்பத்தை வைக்கக்கூடாது என்று தெரிந்துதான் செய்தார்கள்.

நமது சட்டத்தோடு இது பொருந்துகிற விதம் ஆச்சரியம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால்தான் எழுதப்பட வேண்டும். மாதாந்த அனுமதி அந்த எல்லைக்குள் நிற்கிறது. ஆனால் பத்திரத்தின் தலைப்பில் 'அனுமதி' என்று போட்டுவிட்டு, முழு வீட்டையும் சாவியோடு ஒப்படைத்து மாதா மாதம் வாடகை வாங்கினால், வழக்கென்று வந்தால் நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது, நடந்ததைத்தான் பார்க்கும். அதனால் ஒரு அறையில் சொந்தக்காரரின் அலுமாரி, கட்டில், படங்கள் பூட்டி இருக்கட்டும். இன்னொரு சாவி அவருடைய ஆளிடம் இருக்கட்டும். என்னென்ன நாள், என்ன நேரம், என்ன வேலைக்கு, யார் யார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். இரவு தங்கக்கூடாது, இன்னொருவருக்கு விடக்கூடாது என்பதையும் எழுதுங்கள். மின்மானி இலக்கத்தையும் அன்றைய அலகையும் குறித்துவையுங்கள். சோலைவரி (சபைக்குக் கட்டும் வீட்டு வரி), மின்கட்டணப் பற்றுச்சீட்டு எல்லாம் சொந்தக்காரர் பெயரிலேயே தொடரட்டும். வெளிநாட்டிலிருந்து அவர் அனுப்பும் அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), அங்கே முறைப்படி அத்தாட்சிப்படுத்தப்பட்டதா என்பதைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குச் செலவழிக்கத் தயங்குபவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

நடுவில் நிற்பது யார்? இதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. புரோக்கர் வேண்டாம், கட்சிக்காரர் வேண்டவே வேண்டாம். என் எண்ணம், இங்குள்ள பெரிய பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள். வீட்டுச் சொந்தக்காரர் இருக்கும் அதே நகரத்தில் அவற்றின் கிளையும் இருக்கிறது, இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாகவும் இருப்பார்கள். அந்த ஒரு முகத் தெரிதல் பத்துப் பக்க ஒப்பந்தத்துக்குச் சமம். பதிவுசெய்த சனசமூக நிலையமும் பரவாயில்லை, நிர்வாகம் வருடா வருடம் அடிபடாமல் இருந்தால்.

இனிக் கட்டடம். பத்துப் பதினைந்து வருடம் பூட்டிக் கிடந்த கடலோர வீட்டில் நான் முதலில் சுத்தியலோடுதான் நுழைவேன். முன் விறாந்தையின் கொங்கிரீட் வளையை (குறுக்குத் தாங்கியை) அடியிலிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல கொங்கிரீட் கணீர் என்று சொல்லும். 'பொத்' என்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிரீட்டை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கடல்மணலைக் கழுவாமல் சேர்த்த வீடுகள் என்றால் நிச்சயம் அப்படித்தான். வளையின் அடியில் கம்பி ஓடும் வரிசையில் மண்ணிறக் கோடும் வெடிப்பும் தெரியும். விரலால் நெம்பினால் அப்பளம் போல ஒரு துண்டு கழன்று வரும். அதன் கீழே முப்பது பேரை இருத்தி நாடகம் போட முடியாது. அப்புறம் கூரை. ஓட்டு வீடு என்றால் பயம் குறைவு, ஓடு மாற்றலாம். கைமரமும் தீராந்தியும் சுவரில் உட்காரும் இடத்தைத் திருகாணிச் சாவியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் கறையான். பழைய வட்டத் துளைப் பிளக் இருந்தால் வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும், பேச்சே இல்லை. கிணறு இறைக்க வேண்டும், மலசலகூடக் குழி பார்க்க வேண்டும். பீலியிலும் பழைய தொட்டியிலும் தண்ணீர் தேங்கினால் டெங்குக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், அறிவித்தல் சொந்தக்காரர் பெயரில்தான் போகும். அந்த ஒரு கடிதம் கனடாவுக்குப் போனால் அடுத்த மாதம் சாவி திரும்பக் கேட்கப்படும். வளவுக்குள் மான் வந்து படுத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். கோட்டை மான்கள் நகரமெல்லாம் தங்கள் காணி என்று நினைப்பவை, படலை பூட்டினாலும் வழி கண்டுபிடிக்கும்.

கடைமாடிகளைப் பற்றி ஒரு விஷயத்தில் நான் கறார். ஒற்றைப் படிக்கட்டு, அதுவும் கடைக்குள்ளால் ஏறும் மரப் படிக்கட்டு என்றால் அங்கே யாரும் தூங்கக்கூடாது. அமெரிக்காவின் ஓக்லண்டில் 'கோஸ்ட் ஷிப்' என்ற பழைய களஞ்சியத்தில் குடியிருக்க அனுமதியில்லாமலே கலைஞர்கள் குடியிருந்தார்கள். 2016 டிசம்பர் 2 இரவு இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். வெளியேற நல்ல வழி இல்லை, உள்ளே எங்கும் மரச் சாமான். நம் கடைமாடிகளில் கீழே துணியும் பிளாஸ்ரிக்கும் அடுக்கியிருக்கும். பகலில் ஓவியம் வரையலாம், கணினியில் வேலை செய்யலாம், ஏழு மணிக்குப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். கட்டடத்தின் பாவனையை மாற்றுவதற்கு உள்ளூராட்சிச் சபையின் அனுமதியும் தேவை, அதைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

குடியிருப்புக்கு வருவோம். இங்கே எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஹூஸ்டன். 1993 இல் ரிக் லோவும் வேறு ஆறு கலைஞர்களும் கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதியில் இடிக்கக் காத்திருந்த 22 சிறிய மர வீடுகளைக் கையில் எடுத்தார்கள். 'புரொஜெக்ட் ரோ ஹவுசஸ்' என்று பெயர். சில வீடுகளில் கலைக் காட்சி, சில வீடுகளில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார் படித்து முடிக்கும்வரை குடியிருக்க இடம். இரண்டும் ஒரே வளவில், ஆனால் வேறு வேறு வீடுகளில். இடத்தை அமைப்பே சொந்தமாக்கிக்கொண்டதால் யாரும் யாரையும் எழுப்பவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் கிரான்பி பகுதி மக்கள் 2011 இல் காணியை ஊர்மக்களின் பொதுச் சொத்தாக வைத்திருக்கும் சமூகக் காணி நம்பிக்கை நிறுவனம் அமைத்து, பாழடைந்த வீடுகளை அசெம்பிள் என்ற கட்டட வடிவமைப்புக் குழுவோடு சேர்ந்து திருத்தினார்கள். அந்தக் குழுவுக்கு 2015 இல் பிரித்தானியாவின் கலைப் பரிசான டேர்னர் பரிசு கிடைத்தது. கூரையே இல்லாமல் போன இரண்டு வீடுகளை வீடாக்க முயலாமல் உள்ளே மரம் வளரும் பொதுத் தோட்டமாக்கினார்கள். எல்லா வீட்டையும் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதை நம் ஊரிலும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

திருகோணமலையில் நடக்கக்கூடிய வழி இதைவிட எளிது. தனி உரிமையாளர், தெளிவான உறுதி, திருத்த வேண்டிய வீடு. குடியேறுபவர் திருத்தச் செலவைப் போடுகிறார், அது வாடகையில் கழிகிறது, ஐந்து வருடம் நொத்தாரிசு முன் எழுதிப் பதிவுசெய்த குத்தகை. இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள் இதற்குப் பொருத்தம். சம்பளம் நிலையானது, இடமாற்றம் வந்தால் தாங்களே போய்விடுவார்கள், சொந்தக்காரருக்கும் மனநிம்மதி. திருத்த வேலையை மேசன் எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டோடும் முன்-பின் படங்களோடும் உறுதிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் கணக்குச் சண்டை. பெரிய வீடென்றால் பின்பக்கத்தை அனெக்ஸாகப் பிரித்து, முன் மண்டபத்தை மட்டும் மாதாந்த அனுமதியில் நாட்டிய வகுப்புக்கு விடலாம். குடியிருப்பவரே காவல், வகுப்பு இல்லாமல் போனாலும் குடும்பம் பாதிக்காது.

கோபன்ஹேகனில் 1971 இல் கைவிடப்பட்ட படைமுகாமில் புகுந்து கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பை உருவாக்கினார்கள், ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் 1993 இல் யூகோஸ்லாவிய இராணுவ முகாமில் மெட்டல்கோவா என்ற கலை மையத்தை உருவாக்கினார்கள், நாமும் புகுந்தால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவை அரச படை விட்டுப்போன இடங்கள். இங்கே பூட்டிய வீட்டின் பூட்டை உடைப்பது என்றால் அது யாரோ ஒருவர் ஓடிப்போக நேர்ந்த வீடு. அதைக் கலை என்று சொல்லிச் செய்தாலும் ஊர் மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது. கொழும்பு கொம்பனித்தெருவில் 1983 யூலையில் எரிக்கப்பட்ட ரியோ திரையரங்குக் கட்டடத்தில் கொழும்புஸ்கோப் கலைவிழா நடந்திருக்கிறது. கறுத்த சுவர்களை வெள்ளையடிக்காமல் நடத்தியதில் ஒரு மரியாதை இருந்தது. அந்த வழியில் போகலாம், கேட்டு.

கலைஞர்கள் என்றால் யார் என்பதும் முக்கியம். தம்பலகாமத்துக் கூத்துக்காரர், பதாகை எழுதும் ஓவியர், நாதஸ்வரமும் தவிலும் சாதகம் பண்ணும் பிள்ளைகள், கோயில் வேலை செய்யும் சிற்ப ஆசாரி, மட்டக்களப்பில் விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படித்து ஊருக்குத் திரும்பியவர்கள். இவர்களுக்குத் தேவை கண்காட்சி மண்டபமே இல்லை. சத்தம் போட ஒரு இடம், மத்தளமும் உடுப்பும் நனையாமல் வைக்க ஒரு அறை. சத்தம் என்றதும் அயலைப் பற்றி நினைக்க வேண்டும். ஒட்டியபடி வீடுகள் உள்ள வீதியில் தவில் சாதகம் ஒரு வாரம் தாங்காது. வளவு பெரிய, மதில் உயர்ந்த உவர்மலைப் பக்க வீடுகள் அதற்கு நல்லது. க.பொ.த. பரீட்சைக் காலத்தில் தானாகவே நிறுத்திவிடுங்கள், அயல் உங்கள் பக்கம் நிற்கும்.

இடம் அழகானதும் விலை ஏறும் என்ற ஆபத்தும் இருக்கிறது. காலிக் கோட்டைக்குள் பழைய வீடுகள் எப்படிக் கைமாறின என்பதை எல்லாரும் பார்த்தோம். சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் 1966 இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமம் தப்பியதற்குக் காரணம் ஒன்றுதான்: கலைஞர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் காணியைத் தாங்களே வாங்கினார்கள். சுற்றிலும் காணி விலை எங்கோ போனபிறகும் அவர்களை எழுப்ப யாராலும் முடியவில்லை. நியூகாசில் வழி தொடங்குவதற்கு, சோழமண்டலம் வழி நிலைப்பதற்கு. குழுவுக்குச் சிறிது வருமானம் வரத் தொடங்கியதும் நகருக்கு வெளியே நாலு பேர்ச் அளவுச் சிறு துண்டு என்றாலும் சொந்தக் காணியை யோசியுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் விடுதிகளிலிருந்து தொடங்குவேன். ஐப்பசி முதல் மாசி வரை வெறுமையாகக் கிடக்கும் இரண்டு மூன்று அறைகள், சொந்தக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார், மின்சாரமும் தண்ணீரும் ஓடுகின்றன, சீசன் தொடங்கியதும் வெளியேறுவது இயல்பாகவே நடக்கும். கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில்தான், உப்புவெளியிலிருந்து தூரமில்லை. மாணவர்களுக்குக் கொஞ்ச அறை, எழுதவோ வரையவோ வரும் ஒருவருக்கு ஓர் அறை. ஒரு மாரி ஒழுங்காகப் போனால் அந்த விடுதிக்காரரையே கூட்டிக்கொண்டு வெளிநாட்டு வீட்டுக்காரரிடம் பேசலாம். அவர்கள் ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருவார்கள். அப்போது நேரில் போங்கள், அனுமதிப் பத்திரத்தின் வரைவைக் கையோடு கொண்டு போங்கள், வெளியேறும் திகதியை அதில் முதல் வரியிலேயே எழுதியிருங்கள்.